பல்லிக்கார ஆர்வில் ஊற்றுக்கு வெள்ளையடித்த கதை

ஸ்பைஸ்வுட் ஓடைக்கரையில் வந்து ஆர்வில் மெஸ்ஸர் வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு யோசிப்பார்கள். பல்லிக்கார ஆர்வில் வீடு என்று கேட்டால் கைக்குழந்தைகூட வழி காட்டும். மரம் அறுக்கும் மில்லில் இருபத்திரண்டாம் வயதில் இடதுகை விரல் இரண்டைக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். மிச்சமுள்ள எட்டு விரலையாவது கடைசிவரை வைத்திருக்கலாம் என்று வேறு தொழில் தேடி, ஓடைக் கற்களுக்கு அடியில் கையை விட்டு ஊற்றுப்பல்லி பிடிப்பதில் போய் நின்றான். கல்லுக்கு அடியில் பாம்பும் இருக்கும் என்பதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

பல்லி என்று பெயர்தானே தவிர, அது பல்லி இல்லை. சுவரில் ஏறி உட்கார்ந்து பலன் சொல்லாது. செதில் கிடையாது. கறுத்து வழுவழுத்த, ஒரு சாண் நீள உடம்பு, நாலு குட்டைக் கால், யாரையோ முறைத்தபடியே இருக்கும் இரண்டு கண். அதற்கு நுரையீரலே கிடையாது. மூச்செல்லாம் தோல் வழியாகத்தான். தோல் காய்ந்தால் போயிற்று, தோலில் கண்டது பட்டாலும் போயிற்று. காட்டோடைக் குளிர்ச்சியை விட்டு நாலடி நகராத ஜீவன். படித்தவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். நாங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர்கள் கார் வளைவு திரும்பியதும் பழைய பெயருக்கே வந்துவிட்டோம்.

ஏரியில் பாஸ் மீன் பிடிக்க வருகிற டவுன்காரர்களுக்கு இந்த ஊற்றுப்பல்லிதான் தூண்டில் இரை. ஆர்வில் ரோட்டோரம் ஒரு பலகை வைத்திருந்தான்: 'ஊற்றுப்பல்லி கிடைக்கும். பேரம் கிடையாது. நாய் கடிக்கும்.' நாய் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பலகையில் இடம் இருந்ததால் அந்த வரியை அவன் அழிக்கவில்லை.

ஆனால் ஒன்று. ஓடைப் பல்லி வேறு, வீட்டு ஊற்றுப் பல்லி வேறு. வீட்டுக்குக் குடிதண்ணீர் தருகிற ஊற்றில் ஒரு பல்லி குடியிருந்தால் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர். அதைக் கொன்றாலோ, எடுத்து வெளியே விட்டாலோ ஊற்று வற்றிப்போகும். இது எங்கள் மலையில் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். ஆயிரக்கணக்கில் பல்லி பிடித்து விற்ற ஆர்விலே தன் ஊற்றுப் பல்லி மேல் விரல் வைத்ததில்லை. அதற்கு டீக்கன் என்று பெயர் வைத்திருந்தான். எங்கள் சர்ச்சு மூப்பர்களான டீக்கன்கள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு முன்பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்து ஊரில் உள்ள எல்லாரையும் குற்றம் கண்டுபிடிக்கிற கண்ணால் பார்ப்பார்கள். இதுவும் அப்படியே பார்க்கும். தவிர, நாங்கள் பாப்டிஸ்டுகள், முழுகினால்தான் மோட்சம் என்கிறவர்கள். பதினோரு வருஷமாக முழுகிக்கொண்டே இருக்கிற டீக்கன் எங்கள் சர்ச்சில் வேறு யாரும் கிடையாது.

நாற்பத்தெட்டு வயது வரைக்கும் ஆர்வில் தனிக்கட்டை. பேச்சு வராது, அதுதான் காரணம். பெண்களைப் பார்த்தால் ஓடைக் கல்லுக்கு அடியில் புகுந்துகொள்ளத் தோன்றும் அவனுக்கு. அப்படிப்பட்டவன் அறுபத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதம் சர்ச்சு விருந்தில் மோசெல் கொண்டுவந்த உலர்ந்த ஆப்பிள் பணியாரத்தில் நாலு எடுத்துச் சாப்பிட்டான். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "குடிக்கத் தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டான்.

மோசெல் பள்ளிக்கூடச் சமையல்காரி. பஞ்சாலை டவுனில் புருஷனோடு பத்தொன்பது வருஷம் குழாய்த் தண்ணீர் குடித்தவள். புருஷன் காலமானபின் அண்ணன் ஹோபர்ட் வீட்டுக்கு வந்தால், அங்கே கிணற்றுத் தண்ணீர் துருப்பிடித்த சிவப்பு. நாக்கு செத்துப் போச்சு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு ஆர்வில் முகத்தைச் சுளித்தான்.

"இது எங்க கெணத்துத் தண்ணி. அப்படித்தான் இருக்கும்," என்றாள் மோசெல்.

"எங்க ஊத்துத் தண்ணிய ஒரு வாட்டி நீங்க குடிச்சுப் பாக்கணும்," என்றான் ஆர்வில்.

இவ்வளவுதான் சொன்னான். ஆனால் மாதம் முழுக்கப் பேசுகிற பேச்சை அந்த மனுஷன் ஒரே மூச்சில் பேசியிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஊத்துல பல்லி இருக்கா?"

"இருக்கு. பதினோரு வருஷமா ஒரே பல்லி."

"அப்ப ஈஸ்டர் கழிச்சு வர்ற ஞாயித்துக்கெழம, சர்ச்சு முடிஞ்சதும் நேரா வந்து பாக்குறேன். அண்ணனும் வருவாரு. பல்லியப் பாத்துட்டு மத்ததப் பேசிக்கலாம்."

மத்தது என்னவென்று பக்கத்தில் கோழி கடித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேருக்கும் புரிந்துவிட்டது. ஆர்விலுக்கு மட்டும் வீடு போய்ச் சேர்ந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் புரிந்தது. ஒரு செருப்போடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

அந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை காலை, ஊற்றின் மேல் கல்லால் கட்டியிருந்த தன் குடிலை முதல்முறையாக ஒரு பெண்ணின் கண்ணால் பார்த்தான். கல் தொட்டி முழுக்கப் பாசி. மூலையில் அழுகின இலை. சுவரெல்லாம் சிலந்தி வலை. மோர் ஜாடி வைக்கிற பலகையில் பெயர் தெரியாத பூச்சிகள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன. சும்மா இருந்திருக்கலாம். பதினோரு வருஷமாகச் சும்மா இருந்து நன்றாக இருந்த ஊற்று. கல்யாண ஆசை வந்த ஆண்பிள்ளையைச் சும்மா இருக்கச் சொல்ல யாரால் முடியும்?

அரைநாள்தானே என்று டீக்கனைப் பூப்போல எடுத்து, ஈரப்பாசி போட்ட ஒரு பழைய பன்றிநெய் டின்னில் வைத்து, வெளியே பெஞ்சில் நிழலாக வைத்தான். தண்ணீரைத் திருப்பிவிட்டு, தொட்டியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தான். பாசியைச் சுரண்டி எறிந்தான். இலையை வாரிக் கொட்டினான். அதோடு நிறுத்தினானா? சுண்ணாம்பு கரைத்து, சுவர், கூரை, தொட்டியின் உள்பக்கம் வரைக்கும் இரண்டு கை வெள்ளையடித்தான். குடில் கல்யாண கேக் மாதிரி பளபளத்தது.

இரண்டாவது கை அடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. ஆஷ்வில்லில் இருந்து மாதம் ஒருமுறை வருகிற பல் டாக்டர். ஆர்வில் தலைக்குமேல் கையைத் தூக்கிக் கூரைக்கு அடித்துக்கொண்டிருந்தான். கண்ணில் சுண்ணாம்பு.

"ரெண்டு டஜன் வேணும் ஆர்வில். இந்தத் தடவ பெரிசா இருக்கா?" என்று வெளியே இருந்து குரல் வந்தது.

"பெஞ்சு மேல இருக்கு டாக்டர். டின்னோட எடுத்துக்கங்க. நல்லா பெரிசு," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னான் ஆர்வில்.

பெஞ்சில் இரண்டு டின் இருந்தது. ஒன்றில் இரண்டு டஜன். ஒன்றில் டீக்கன். டாக்டர் இரண்டையும் திறந்து பார்த்திருக்கிறார். பெரிசு என்று ஆர்வில் சொன்னானே என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு, கூடவே கொஞ்சம் அதிகமாகப் பணமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாணயமான மனுஷன். குறை சொல்ல வழியில்லை.

கண்ணைக் கழுவிக்கொண்டு ஆர்வில் வெளியே வந்தபோது பெஞ்சில் பணம் மட்டும்தான் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் பார்த்தான். பெஞ்சுக்குப் பின்னால் பார்த்தான். பெஞ்சைத் தூக்கியே பார்த்தான். அப்புறம் டிரக்கில் ஏறி, பதினாலு மைல் மலைப்பாதையை, சுண்ணாம்பு முகத்தோடு, இரண்டாம் கியரிலேயே ஓட்டிக்கொண்டு ஏரிக்குப் போனான். எதிரே வந்த தபால்காரர் பேயைக் கண்டதாக இன்றைக்கும் சொல்லுகிறார்.

டாக்டர் படகில் நடு ஏரியில் இருந்தார். ஆர்வில் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். அவ்வளவு சத்தம் அவனுக்குள் இருந்தது அவனுக்கே தெரியாது.

"டாக்டர்! அந்தப் பெரிசு! அந்தப் பெரிசு எங்க?"

டாக்டர் மெதுவாகப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தார். வலது கட்டைவிரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

"அதுவா? கொக்கியில மாட்டப் போனேன். கடிச்சிருச்சுப்பா. முப்பது வருஷமா அடுத்தவன் வாயில கை விடுறேன், ஒருத்தன் என்னைக் கடிச்சதில்ல. ஒதறினேன், தண்ணில விழுந்துருச்சு."

"எந்தப் பக்கம்?"

டாக்டர் கையைக் காட்டினார். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான, ஆழமான, பாஸ் மீன் நிறைந்த தண்ணீர். ஆர்விலுக்குக் கணக்குப் போடத் தேவையில்லை. அந்த மீன்களுக்கு எது பிடிக்கும் என்று அவன்தானே வருஷக்கணக்காக ஊருக்குச் சொல்லிவந்தவன். டின்னுக்குள் பார்த்தான். பாசியில் ஒரு அங்குல வால்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பயந்தால் வாலை விட்டுவிடும் ஜாதி அது.

அவனுக்கு அழுகை வந்தது. பல்லிக்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது. பதினோரு வருஷமாகக் காலையில் எழுந்ததும் முதலில் பார்த்த முகம் அது.

"என்னப்பா, ஒரு பல்லிதான? பணம் வேணா இன்னும் தர்றேன்," என்றார் டாக்டர்.

"அது விக்கிற பல்லி இல்ல டாக்டர்," என்று சொல்லிவிட்டு ஆர்வில் டிரக்கில் ஏறினான்.

வீட்டுக்கு வந்தபின்தான் உண்மையான பயம் பிடித்தது. நாளைக்கு மோசெல் வருகிறாள். பல்லி இல்லாத ஊற்றை அவள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். மத்ததைப் பேசவே மாட்டாள். நாற்பத்தெட்டு வயதில் வந்த ஒரே ஒரு மத்தது அது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

ஓடைக்கு ஓடி, டீக்கன் அளவுக்கு ஒரு பல்லியைப் பிடித்துவந்து ஊற்றில் விட்டான். அது தொட்டிக்குள் இறங்கியது, ஒரு வினாடி நின்றது, கொதிக்கிற சட்டியில் கால் வைத்த மாதிரி தாவி வெளியே வந்து புல்லுக்குள் போய்விட்டது. இரண்டாவதையும் பிடித்து விட்டான். அதுவும் ஓடியது. மூன்றாவது தண்ணீரைத் தொடவே இல்லை. தொட்டி விளிம்பிலேயே நின்று அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சுண்ணாம்பு. தோலால் மூச்சு விடுகிற பிராணிக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் இடம் போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்? சாயங்காலம் வரைக்கும் தண்ணீரைப் பாய்ச்சிப் பாய்ச்சிக் கழுவினான். பாசி இல்லை, இலை இல்லை, தின்னப் பூச்சி இல்லை, ஒளிய இண்டு இடுக்கு இல்லை. பல்லிகளின் பக்கம்தான் நியாயம் இருந்தது.

ஞாயிறு காலை அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் வாழ்க்கையில் வந்த மோசமான யோசனைகளில் இதற்கு இரண்டாம் இடம், முதலிடம் வெள்ளையடித்ததற்கு. ஒரு பல்லியை ஈரப்பாசியில் சுற்றிக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொள்வது. சர்ச்சு முடிந்து எல்லாரும் நேராக ஊற்றுக்கு வருவார்கள். மோசெல் குனிகிற சமயம் பார்த்து நைசாகத் தண்ணீரில் விட்டுவிடுவது. அது தாவி ஓடுவதற்குள் அவள் பார்த்துவிட்டால் போதும். நல்ல பெரிசாக, கோபக்காரனாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனான்.

மோசெலும் ஹோபர்ட்டும் அவனுக்குப் பின்பெஞ்சில். முதல் பாட்டு முடிகிறவரைக்கும் பல்லி சாதுவாக இருந்தது. பிரசங்கியார் ஓடெல் பேச ஆரம்பித்தார். எங்கள் பிரசங்கியார் சூடு பிடிக்க அரைமணி ஆகும். அதற்குள் பல்லிக்குச் சூடு பிடித்துவிட்டது. பாசியில் இருந்த ஈரமெல்லாம் கோட்டு வழியாக இறங்கி ஆர்விலின் கால்சட்டையில் ஒரு இடத்தில், சரியாகப் படக்கூடாத இடத்தில், படர்ந்துகொண்டிருந்தது. பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தான்.

பல்லி பையை விட்டுக் கிளம்பியது. சட்டைப் பித்தான்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து உள்ளே போயிற்று. பனிக்கட்டி மாதிரி அதன் வயிறு. விலாவில் ஏறியது. ஆர்வில் இடதுபக்கம் நெளிந்தான். அக்குளுக்குப் போயிற்று. வலதுபக்கம் நெளிந்தான். நடுமுதுகில் போய் நின்றது. இரண்டு கையாலும் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினான். உதடு நடுங்கியது.

பிரசங்கியார் பேச்சை நிறுத்தினார். எட்டு மாதமாக அந்தச் சர்ச்சில் ஒரு ஆத்துமாகூட மனம் திரும்பி முன்னால் வந்ததில்லை. மனுஷன் ஏங்கிப்போயிருந்தார்.

"இங்க ஒருத்தர் போராடிக்கிட்டு இருக்காரு," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆவியானவரோட போராடுறாரு. பேரச் சொல்ல மாட்டேன்." எல்லாரும் ஆர்விலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பல்லி தோள்பட்டையில் கடித்தது. ஆர்வில் "ஆண்டவரே!" என்று எழுந்து நின்றுவிட்டான்.

அவ்வளவுதான். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். பாட்டுக்காரர்கள் தாங்களாகவே பாட்டை எடுத்தார்கள். முப்பது வருஷமாகக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் நைசாக நழுவி டிரக்கைச் சூடு பண்ணப் போகிறவன், பிரசங்க மேடைக்கு முன்னால் முழங்கால் போட்டுக்கொண்டிருந்தான். பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"கல்லுங்கூடக் கரையும்னு சொல்வாங்க. கண்ணால பாத்துட்டேன்," என்று ஹோபர்ட் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்.

ஆர்வில் ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தான். மோசெல் அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், மூக்கு சிவந்து, சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

யோசித்துப் பார்த்தால் அவனுக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. பல்லி இப்போது களைத்துப்போய்ச் சட்டைக் கைக்குள் அடங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மோட்சமும் கிடைக்கும், மோசெலும் கிடைப்பாள், கொஞ்ச நேரத்தில் ஊற்றில் ஒரு பல்லியும் இருக்கும். எந்தக் கெட்டிக்காரனும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பான். ஆனால் அவள் அழுகிற அழுகை நிஜமாக இருந்தது. அதை அவனால் தாங்க முடியவில்லை.

"மனசுல இருக்கறதச் சொல்லு சகோதரா," என்றார் பிரசங்கியார், அவன் தலைமேல் கையை வைத்து.

"பிரசங்கியாரே," என்றான் ஆர்வில், "இது ஆவியானவர் இல்ல. பல்லி."

பாட்டு நின்றுபோயிற்று. ஆர்வில் சட்டைக் கைக்குள் விரலை விட்டுப் பல்லியை வெளியே எடுத்தான். எட்டு விரல் பிடி, அது வழுக்கியது. பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் சபைக்கெல்லாம் குடிக்கத் தண்ணீர் வைத்த வாளி இருந்தது. பல்லி ஒரே தாவலில் அதற்குள் போய் முழுகியது. எட்டு மாதத்தில் அந்தச் சர்ச்சில் முதல் ஞானஸ்நானம்.

முழங்காலில் நின்றபடியே ஆர்வில் திரும்பி, எல்லாவற்றையும் மோசெலிடம் சொன்னான். வெள்ளையடித்தது, பல் டாக்டர், ஏரி, ஓடிப்போன மூன்று பல்லிகள், பைக்குள் இருந்த நாலாவது பல்லி.

"உங்களுக்குத் தெரியாம தண்ணில விட்ரலாம்னு இருந்தேன்," என்றான். "என் ஊத்துல பல்லி இல்லீங்க. என்னாலதான் இல்ல."

மோசெல் கைக்குட்டையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். எழுந்து, நடுவழியாக நடந்து வெளியே போய்விட்டாள். ஹோபர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

பிரசங்கியாருக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது. வாளியைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், எடுக்கவில்லை. முன்பெஞ்சில் இருந்த எண்பது வயது ஐடா எழுந்துவந்து ஒரு கரண்டி மொண்டு குடித்தாள்.

"பல்லி இருக்கற தண்ணி நல்ல தண்ணி. இதுக்குப் போயி என்ன மொறைக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆர்வில் பல்லியை வாளியில் இருந்து பிடித்து, வழியில் ஓடையில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஊற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெள்ளைக் குடில் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. இதைவிட அசிங்கமான ஒன்றை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அரைமணி கழித்து ஹோபர்ட்டின் கார் வந்தது. மோசெல் இறங்கி, அவனைப் பார்க்காமல், நேராகக் குடிலுக்குள் போனாள். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிக் குடித்து, வெளியே வந்து துப்பினாள்.

"இது தண்ணியா? செவுரு," என்றாள். "கம்பித் தூரிகை எங்க வெச்சிருக்கீங்க?"

ஆர்வில் கையை நீட்டிக் காட்டினான். மோசெல் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பைக் கழற்றி மரத்தடியில் வைத்தாள், சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"கர்த்தரோட நாளு மோசெல். வேலை செய்யக் கூடாது," என்றான் ஹோபர்ட் காரில் இருந்தபடியே.

"மாடு குழியில விழுந்தா திங்கக்கெழம வரைக்கும் விட்டு வெப்பீங்களா அண்ணே? எறங்கி வாங்க. மம்பட்டிய எடுங்க."

மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு சுரண்டினார்கள். ஹோபர்ட் சுரண்டியதைவிடப் புலம்பியதுதான் அதிகம். ஆர்வில் பக்கத்தில் நின்று சுரண்டினான், அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல். சுண்ணாம்பு பெயர்ந்து கல் தெரிய ஆரம்பித்தபோது மோசெல்தான் வாயைத் திறந்தாள்.

"பாசி பிடிக்க எத்தன நாளாகும்?"

"இந்த வருஷம் கொஞ்சம் வரும். பூச்சி வர அடுத்த வருஷம் ஆயிரும்."

"பல்லி?"

"அது எப்ப வரும்னு சொல்ல முடியாது. வேணும்னா நான் ஓடையில நல்லதாப் பாத்து..."

"நீங்க ஒண்ணும் கொண்டாந்து விட வேணாம்," என்றாள் மோசெல். "கொண்டாந்து விட்ட பல்லி தண்ணி நல்லாருக்குன்னு எப்படிச் சொல்லும்? அதுவாத் தேடி வரணும். அது வந்தாத்தான் மத்தது."

"வர்றதுக்கு வருஷம் ஆகுமே," என்றான் ஆர்வில்.

"ஆகட்டும். ஆனா எங்கண்ணன் வீட்ல உக்காந்துக்கிட்டு இருந்தா, இங்க வந்துச்சா வரலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள், தூரிகையை நிறுத்தாமல். "தெனம் காலையில வந்து எட்டிப் பாக்கணும். பக்கத்துலயே இருந்தாத்தான் சரிப்படும்."

ஆர்விலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் ஹோபர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. "அட ஆண்டவரே, இதுக்கா நான் கோட்டைக் கெடுத்துக்கிட்டேன்," என்று மண்வெட்டியைக் கீழே போட்டான்.

ஜூன் மாதம் கல்யாணம். ஆகஸ்டில் ஆர்வில் தானாகவே முன்னால் போய் நின்று ஓடையில் ஞானஸ்நானம் எடுத்தான். தண்ணீரில் முக்குவதற்கு முன்னால் பிரசங்கியார் ஓடெல் அவன் பைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கரையில் இருந்தவர்கள் சிரித்ததில் ஜெபம் யாருக்கும் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மோசெல் ஊற்றுக்குப் போய் எட்டிப் பார்ப்பாள். திரும்பி வந்து, "இன்னும் வரல," என்பாள். ஆர்வில் தலையாட்டுவான். ஒரு வருஷம் போயிற்று. பாசி வந்தது, இலை விழுந்தது, சிலந்தி வந்தது, ஊற்று மட்டும் ஒருநாளும் வற்றவில்லை. ஊர்க்காரர்கள் பார்க்கிற இடத்திலெல்லாம், "பல்லி வந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஆர்விலுக்கு மட்டும் அடிமனதில் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. அவள் பல்லிக்காகத்தானே காத்திருக்கிறாள். அது வந்துவிட்டால், வந்த காரியம் முடிந்தது என்று போய்விடுவாளோ? அசட்டுப் பயம்தான். கல்யாணம் ஆனவனுக்கு அசட்டுத்தனம் குறைய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

மூன்றாம் வருஷம் ஏப்ரலில் மோசெலுக்கு ஜலதோஷம். வாளி எடுத்துக்கொண்டு ஆர்வில் போனான். தொட்டி மூலையில், இரண்டு கல்லுக்கு நடுவே, கறுப்பாக ஒரு சின்னத் தலை நீட்டிக்கொண்டிருந்தது. விரல் நீளம்கூட இல்லை. அவனை முறைத்துப் பார்த்தது. ஆர்வில் வெகுநேரம் அங்கேயே நின்றான். அப்புறம் அது கலையாதபடி ஓரமாகத் தண்ணீர் மொண்டுகொண்டு வீட்டுக்கு வந்தான்.

"வந்துச்சா?" என்று கேட்டாள் மோசெல், அடுப்பில் இருந்து சோளரொட்டியை இறக்கியபடி.

"இன்னும் வரல," என்றான் ஆர்வில்.

"சரி, அப்ப இன்னும் கொஞ்ச நாளு இருந்து பாக்குறேன்," என்று அவன் தட்டில் ரொட்டியை வைத்தாள் மோசெல். அவள் அந்தப் பல்லியைப் பார்த்து அன்றோடு ஐந்து வாரம் ஆகியிருந்தது.